லிப்டுக்குள் பதினாறு மூட்டை உப்பு

எனக்கு லிப்ட் பிடிக்காது. மன்னார்ப் பட்டினத்தில் லிப்ட் வைத்த ஒரு கட்டடத்தைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கட்டி மேய்க்கிற ஒருத்தி இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் உண்மை அதுதான். அதற்கு மாதம் ஒருமுறை பராமரிப்பு, வருடம் ஒருமுறை தலை முதல் கால் வரை சோதனை, நாள்தோறும் துடைப்பு, மின்சாரம் போய் வந்தால் நலம் விசாரிப்பு. எனக்கு இதில் ஒன்றுகூட நடப்பதில்லை. நான் முழங்கால் வலியோடு படியேறி இறங்கி அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

கட்டடம் என்னுடையதும் அல்ல. நோர்வேயில் இருக்கும் அண்ணாவுடையது. காணி உறுதியில் அவர் பெயர், கரைச்சலில் என் பெயர். கீழே முன்பக்கம் மூன்று கடை, கடைகளுக்குப் பின்னால் வாகனம் விடும் இடம், முதலாம் மாடியில் கந்தோர்கள், மேல் மாடியில் கடல் தெரியும் கலியாண மண்டபம் என்று அண்ணா அங்கே இருந்தபடியே படம் கீறி அனுப்பினார். படத்தில் ஒரு மூலையில் ஒரு சதுரமும் இருந்தது. "அது என்ன அண்ணா, அலுமாரியோ?" என்று கேட்டேன். "லிப்ட். இங்க லிப்ட் இல்லாத கட்டடமே இல்லை" என்றார். (இங்கே கட்டடமே இல்லாத இடத்தில் நாங்கள் இருந்தோம். அது வேறு கதை.)

மன்னார்த் தீவு தோசைக்கல் மாதிரித் தட்டை. இங்கே மேலே ஏறிப் பழகியவர்கள் பனையேறுகிறவர்களும் கோவில் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிறவர்களும்தான். ஆனாலும் லிப்ட் வந்தது. பாதுகாப்புச் சட்டமும் கூடவே வந்தது. மண்டபத்தை வாடகைக்கு விடுவதென்றால், தகுதியுள்ள பொறியியலாளர் ஒருவர் லிப்டைச் சோதித்து எழுத்தில் தரவேண்டும், அதுவரை ஒருவரையும் அதில் ஏற்றக்கூடாது என்று அனுமதி கொடுக்கும் அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள். "அப்ப பூட்டியே வைக்கிறம் சேர்" என்றேன் நான். அன்று வீட்டுக்கு வந்ததும் நல்ல நித்திரை வந்தது.

அந்த நித்திரையைக் கெடுத்தவர் சூசை அண்ணை.

சூசை அண்ணைக்குப் பள்ளிமுனைக் கடற்கரையில் இரண்டு மீன்பிடி வள்ளம். ஆள் நல்ல உயரம், நல்ல பாரம், குரலும் அப்படித்தான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முற்றி, முந்தின வருடம் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சில்லுக் கதிரையில் இருந்தபடிதான் தொழிலைப் பார்த்தார். ஒரே மகள் ஜெனிற்றாவின் கலியாணத்துக்கு எங்கள் மண்டபத்தைக் கேட்டு அவரே வந்தார். மண்டபத்தின் முதல் கலியாணம். நான் கதிரையின் நுனியில் இருந்து கதைத்தேன்.

"மண்டபம் மேலதானே. நான் எப்பிடி வாறது?" என்று கேட்டார்.

"லிப்ட் இருக்கண்ணை. நீங்கள் பட்டனை அமத்தினாக் காணும்" என்றேன். (அதுவரை நானே அந்தப் பட்டனை அமத்தியதில்லை.)

அவர் கதிரையின் சில்லைத் தடவினார். பிறகு சொன்னார். "போன வருசம் தங்கச்சியின்ர மகன்ர கலியாணத்தில நாலு பெடியள் என்னைக் கதிரையோட மேல தூக்கினவங்கள். பாதிப் படியில ஒருத்தனுக்குக் கை வழுக்கிச்சுது. சனமெல்லாம் எழும்பி நிண்டு பாத்துது. வீடியோக்காரன் அதையும் எடுத்துப் போட்டான். அவங்கள் அந்த வீடியோவைப் போடுற நேரமெல்லாம் நான் ஆடி ஆடி மேல போறன். இனி என்னை ஒருத்தரும் தூக்கக்கூடாது தங்கச்சி. பெட்டியில வைச்சுத் தூக்குற அண்டைக்குத் தூக்கட்டும்."

"உங்களை ஒருத்தரும் தூக்கமாட்டினம். நான் பொறுப்பு" என்றேன். நான் அவ்வளவு உறுதியாக வேறு எதையும் சொன்னதாக ஞாபகம் இல்லை. என் கலியாணத்தில்கூட "சம்மதம்" என்பதை மெதுவாகத்தான் சொன்னேன்.

நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோவிலில் கலியாணம் வைக்கமாட்டார்கள். பிறகு மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிடும், அவர் கட்டார் நாட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே கார்த்திகை மழைக்குள், நவம்பர் நடுவில், நாள் குறித்தார்கள். பின்போட இடமில்லை. லிப்ட் கம்பனிக்கு நான் விடாமல் அடித்த தொலைபேசியில், கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்திக் கொழும்பிலிருந்து பரிசோதகர் வருவதாக ஏற்பாடாயிற்று.

அவர் வருவதற்கு முந்தின நாள் கம்பனியின் மெக்கானிக் நிமல் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, ஒரு சின்னப் பிரச்சினை. பாரம் ஏத்திப் பாக்கிற இரும்புக் கட்டியெல்லாம் வவுனியாவில வேற வேலையில நிக்குது. லிப்ட் எட்டுப் பேருக்கு, அறுநூற்றி நாப்பது கிலோ. அதுக்கு மேலயும் காற்பங்கு கூட ஏத்திப் பாக்கவேணும். நிறை தெரிஞ்ச மூட்டை ஏதும் எடுத்து வையுங்கோ. காலையில வந்து ஏத்துவம்."

"ஆக்களை ஏத்தினால் என்ன?"

"பாரம் தாங்காட்டில் ஆக்களுக்கு என்ன நடக்கும் அக்கா?"

அதுவும் சரிதான். ஐம்பது கிலோ வீதம் பதினாறு மூட்டை வேண்டும். கட்டுக்கரைக் குளத்து வயல் பக்கம் நெல்லுக்கு ஆள் அனுப்பினேன். அங்கே அப்போதுதான் விதைத்து முடித்திருந்தார்கள், வீட்டில் கிடந்த நெல்லும் அரைகுறை மூட்டையாம். சீமெந்து கேட்டால் கடைக்காரர், ஏற்றி இறக்கி மூட்டை கிழிந்தால் ஆர் பொறுப்பு என்றார். கருவாட்டு மூட்டை பள்ளிமுனையில் வேண்டியமட்டும் கிடந்தது. ஆனால் கருவாடு ஏறி இறங்கிய லிப்டில் பட்டுச் சேலையோடு எந்தப் பொம்பிளை ஏறுவாள்? அந்த அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்தது. அதை நினைத்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

கடைசியில் உப்பு. உப்பளத்து மூட்டை ஒவ்வொன்றும் நிறுத்துத் தைத்தது, சரியாக ஐம்பது கிலோ. மணம் இல்லை, பூச்சி இல்லை. தந்தவரும் தெரிந்த ஆள், மறுநாள் திருப்பி ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். இப்படி ஒரு யோசனை நோர்வேயில் இருக்கிற ஒருத்தருக்கும் வந்திராது என்று இவரிடம் சொன்னேன். (இவர் என்பது என் வீட்டுக்காரர். பேப்பரை இறக்காமலே "ம்" என்றார்.)

பின்னேரம் மூட்டைகள் வந்து இறங்கின. மழையும் கூடவே இறங்கியது. வெளியே வைக்க ஏலாது. வாகனம் விடும் இடத்துக்குள் சாரல் அடித்தது. லிப்டுக்கு முன்னால் கலியாணத்துக்கென்று மினுக்கி வைத்த புது டைல்ஸ். அதில் மூட்டையை இழுத்தால் கீறு விழும். நிமல் சொன்னது காலையில் ஏற்றுவோம் என்றுதான். நான் என்ன நினைத்தேன் என்றால், எப்படியும் நாளைக்கு லிப்டுக்குள் போகப்போகிற மூட்டைகள், இன்றைக்கே போனால் ஒரு வேலை மிச்சம். பதினாறையும் லிப்டுக்குள் அடுக்குவித்து, கதவைச் சாத்தி, மின்சார மெயினை நிற்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பரிசோதகருக்கு நண்டு வாங்க ஆள் அனுப்பினேன்.

கறியுப்பு மழைக்காலத்தில் என்ன செய்யும் என்பது மன்னாரில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் உப்புச் சாடிக்கு அடியில் நான் எப்போதும் ஒரு கோப்பை வைத்திருப்பேன், கசிகிற தண்ணீர் அதில் வடியட்டும் என்று. அந்தக் கோப்பையைத் தினமும் என் கையாலேயே கவிழ்க்கிறவள் நான். அன்று இரவு ஒரு சாடி அல்ல, பதினாறு மூட்டை கசியப்போகிறது என்று என் தலைக்குள் ஒருவரும் வந்து சொல்லவில்லை. அடுத்த நாள் சமையலைப் பற்றிய யோசனையோடு படுத்துவிட்டேன்.

காலையில் போனபோது லிப்ட் வாசலில் நாலு கழுதைகள் நின்றன.

மன்னாரில் கழுதை நிற்பது செய்தி அல்ல. மழைக்கு அவை எங்கே கூரை கண்டாலும் ஒதுங்கும். அண்ணாவின் கட்டடம் அவற்றுக்கு மிகவும் பிடித்த கட்டடம். அதனால் நான் "ஓய், போ" என்று குடையால் துரத்திவிட்டு, லிப்ட் வாசலில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சாரல் என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்து முடிக்க இன்னும் கொஞ்சம் வந்தது. அதையும் துடைத்தேன். கழுதைகள் கொஞ்சம் தள்ளிப்போய், என்னைப் பார்த்தபடி நின்றன.

அந்த நேரம் பார்த்து லிப்ட் கம்பனியின் வான் வந்து நின்றது. நிமலோடு பரிசோதகர் குலசிங்கம் இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் குடியிருப்பு. மெல்லிய ஆள், நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சின்ன டோர்ச். கோப்பியை நீட்டினேன். வேண்டாம் என்றார். "மத்தியானம் நண்டு வைச்சிருக்கிறன் சேர்" என்றேன்.

"நான் கந்தசஷ்டி விரதம் அம்மா. பின்னேரம் பாலும் பழமும் மட்டும்தான்."

பசியோடு இருக்கிற மனிதரிடம் காலை எட்டு மணிக்கு நண்டைப் பற்றிக் கதைத்தவள் என்ற பெயரோடு அன்றைய நாள் தொடங்கியது.

குலசிங்கம் அவசரப்படுகிற ஆள் அல்ல. மேலே போய் மோட்டரைப் பார்த்தார், கம்பியைத் தடவிப் பார்த்தார், கதவுக்கு நடுவே கையை வைத்துக் கதவு திரும்பத் திறக்கிறதா என்று பார்த்தார். பிறகு மூட்டைகளுக்கு மேலால் கையை நீட்டி ஆபத்து மணியை அமத்தினார். அந்த மணியில் ஒரு சங்கதி இருந்தது. கம்பனி வைத்த மணி நெஞ்சைப் பிளக்கிற மாதிரி அலறுகிறது என்று சொல்லி, ஊர் மின்வேலைக்காரரைக் கொண்டு இனிமையாக ஒன்று மாற்றியிருந்தேன். அது பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு மாதிரி இருந்தது. அமத்திச் சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டு மனிசி கையில் பையோடு குடை பிடித்து ஓடிவந்து, "ரெண்டு பாண்" என்றாள்.

"லிப்டுக்குள்ள அம்பிட்ட ஆள் மணி அடிச்சால் இப்பிடித்தான் உதவி வருமோ?" என்று கேட்டார் குலசிங்கம். முகத்தில் சிரிப்பு இல்லை. பழைய மணியை மேசை லாச்சியிலிருந்து எடுத்துவந்து அங்கேயே மாட்டுவித்தேன்.

பிறகு பாரச் சோதனை. மூட்டைகளை எண்ணிப் பார்த்த நிமல், "அக்கா, நேற்றே ஏத்திப் போட்டீங்களோ?" என்று கேட்டார். "வேலை மிச்சம்தானே தம்பி" என்றேன். பதினாறு மூட்டையோடும் லிப்ட் மேலே போனது, கீழே வந்தது, நடுவில் மின்சாரத்தை வெட்டியபோது அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றது. குலசிங்கம் தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சுக்குள் கலியாண வீட்டுப் பைலா ஆட்டப் பாட்டுக் கேட்டது. சூசை அண்ணை லிப்டுக்குள் தனியே போவதும், மேலே கதவு திறக்க வெள்ளைச் சேலையில் ஜெனிற்றா நிற்பதும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். கழுதைகள் திரும்பி வந்தன. ஒன்று நேரே லிப்ட் வாசலுக்கு வந்து, குனிந்து, கதவு ஓடுகிற தவாளிப்பை நக்கத் தொடங்கியது. இன்னொன்று அதை இடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டது.

"இதுகள் ஏன் லிப்டை நக்குதுகள்?" என்று கேட்டார் குலசிங்கம்.

"புது டைல்ஸ் சேர். அதுகளுக்குப் புதுச் சாமான் எண்டால் விருப்பம்" என்றேன். மாதாவே, என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

அவர் கழுதையைப் பக்குவமாகத் தள்ளிவிட்டுக் குனிந்தார். விரலால் ஈரத்தைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் விரதம். நீங்கள் ஒருக்கா நாக்கில வைச்சுப் பாருங்கோ."

இப்படி ஒரு சோதனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கறியுப்பில் இருந்து வடிகிற தண்ணீர் உப்பாக மட்டும் இருக்காது, கைக்கும், நாக்கைச் சுருட்டிப்போடும். அந்தக் கணத்தில்தான் எனக்கு வீட்டுச் சாடியும் கோப்பையும் விளங்கின. சூசை அண்ணையின் முகமும் வந்தது. "மழைத் தண்ணிதான் சேர்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது, உதடு ஒரு பக்கம் இழுத்தது, காது வரைக்கும் கூசியது. வேப்பெண்ணெய் குடித்த பிள்ளையின் முகத்தோடு நின்று மழைத் தண்ணீர் என்று சாதித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"நிமல், கிடங்கைத் திறவுங்கோ" என்றார் குலசிங்கம்.

லிப்டுக்கு அடியில் ஒரு கிடங்கு உண்டு. லிப்ட் அளவுக்கு மிஞ்சிக் கீழே வந்தால் தாங்குகிற பெரிய சுருள் கம்பி, வயர்கள், ஆபத்துக்கு நிற்பாட்டுகிற சுவிட்ச் எல்லாம் அங்கேதான். டோர்ச் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். குட்டி உப்பளமே அங்கே இருந்தது. வயர்ப் பெட்டிக்குள்ளால் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

"ஏலாது அம்மா" என்றார். "வயரெல்லாம் மாத்தி, கிடங்கைக் கழுவி, காயவிட்டு, பிறகு கூப்பிடுங்கோ."

"எப்ப முடியும்?"

"சாமான் கொழும்பில இருந்து வரவேணும். மூண்டு கிழமை வைச்சுக்கொள்ளுங்கோ."

நான் சூசை அண்ணையின் கதையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், வீடியோவையும் விடவில்லை. சொல்லும்போது அழுகையும் வந்துவிட்டது. "ஒரே ஒரு மனிசன் சேர். ஒருக்கா மேல, ஒருக்கா கீழ. பிறகு மூண்டு மாசம் எண்டாலும் பூட்டி வைக்கிறன்."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "லிப்ட் இண்டைக்கும் ஓடும், நாளையிண்டைக்கும் ஓடும். அதுதான் பயம். உப்புத் தண்ணி வயருக்குள்ள இருந்தால், கதவு திறந்து கிடக்கேக்க பூட்டியிருக்கெண்டு அது நினைக்கும். நினைச்சால் வெளிக்கிடும். உங்கட அந்த மனிசன் அப்ப வாசலில பாதி, உள்ளுக்குப் பாதி. அவருக்கு இருக்கிறது ஒரு கால் எண்டுதானே சொல்லுறியள்?"

அவர் மெயினைப் பூட்டி, மூன்று மொழியிலும் "பாவிக்க வேண்டாம்" என்ற பலகையைக் கம்பியால் கட்டிவிட்டு, பக்கத்து வளவில் என் வீட்டுக் குசினியின் நண்டு வாசம் வராத பக்கமாகப் போய் வானில் ஏறினார்.

அண்ணா சரியாக அந்த நேரம் நோர்வேயிலிருந்து கூப்பிட்டார். "லிப்ட் பாஸோ?"

"பாரத்தில பாஸ். உப்பில பெயில்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டில் இவர் பேப்பரை இறக்கினார். "நான் அப்பவே நினைச்சனான்" என்றார்.

"என்னத்தை நினைச்சனீங்கள்?"

"மூட்டைக்குக் கீழ தறப்பாள் விரிச்சால் நல்லம் எண்டு சொல்லுவம் எண்டு நினைச்சனான்."

(இந்த மனிதரோடு இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். பொறுமைக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பதென்றால் எனக்குக் கொடுக்கலாம்.)

பின்னேரம் ஓட்டோ பிடித்துப் பள்ளிமுனைக்குப் போனேன். போகிற வழி முழுவதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். கலியாண வீடு, பலகார வாசம், பந்தலில் மழை. சூசை அண்ணை விறாந்தையில் சில்லுக் கதிரையில் இருந்து, வேட்டி மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "லிப்ட் ஓடாதோ?" என்றார். அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது.

"ஓடும் அண்ணை. ஆனா ஓட விடமாட்டினமாம்."

"என்ன செய்தனீ?"

"பாரம் பாக்க மூட்டை ஏத்தினனான்."

"என்ன மூட்டை?"

"உப்பு."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம்."

"மழைக்குள்ள?"

"ஓம்."

"கீழ ஒண்டும் விரிக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீ மன்னாரிலதானே பிறந்தனீ?"

அப்போதாவது அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. வேட்டியை மடித்துப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். "சரி. நான் கோவில் பூசைக்கு வந்திட்டு நேர வீட்டுக்கு வாறன். நீங்கள் மேல வைச்சு வடிவா நடத்துங்கோ. பிள்ளைக்குச் சொல்லாதையுங்கோ" என்றார். மனதாரச் சொல்கிறேன், அந்த விறாந்தையில் நான் பட்ட வெட்கத்தை வேறு எங்கும் படவில்லை.

ஆனால் பிள்ளை கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். தலையில் எண்ணெயோடு, கையில் பாதி உலர்ந்த மருதாணியோடு வெளியே வந்தாள். தகப்பனை ஒரு சொல் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"அன்ரி, கீழ வாகனம் விடுற இடம் எவ்வளவு பெரிசு?"

"அது வெறும் சீமெந்துத் தரை பிள்ளை. எண்ணெய்க் கறை. கழுதை வந்து நிக்கும்."

"படி இருக்கோ?"

"இல்லை. தெருவும் அதுவும் ஒரே மட்டம்."

"அப்ப அங்க வையுங்கோ" என்றாள். "அப்பா இல்லாமல் மேல நிண்டு கடலைப் பாத்து நான் என்ன செய்ய? கடலை நான் பிறந்ததில இருந்து பாக்கிறன்."

சூசை அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள். முதல் முறையாக அவர் ஒருவருக்குக் கீழ்ப்படிந்து பேசாமல் இருந்ததைக் கண்டேன்.

அடுத்த நாள் முழுவதும் நான் பட்ட பாட்டைச் சொல்ல இப்போதும் இடுப்பு வலிக்கிறது. லிப்ட் பூட்டு. மேல் மண்டபத்தில் அடுக்கிய கதிரை, மேசை, கேக் வைக்கிற மேடை, பூ வளைவு எல்லாம் படியால் கீழே இறங்க வேண்டும். சூசை அண்ணையின் வள்ளத்து ஆட்கள் வந்தார்கள், மாப்பிள்ளையின் கூட்டாளிமார் வந்தார்கள், பாணுக்கு வந்த மனிசியும் வந்தாள். தரையில் எண்ணெய்க் கறையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தது நான். வாசலால் வெள்ளம் வரப்பார்த்தபோது, மூலையில் இன்னும் திருப்பி ஏற்றாமல் கிடந்த உப்பு மூட்டைகளை அணையாக அடுக்கலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். எல்லோரும் வேலையை நிற்பாட்டி என்னைப் பார்த்தார்கள். அதன் பிறகு நான் யோசனை ஒன்றும் சொல்லவில்லை.

கலியாணத்தன்று அடைமழை. கோவிலால் வந்த வாகனங்கள் தெருவில் நிற்க, வாகனம் நிற்க வேண்டிய இடத்தில் சனம் இருந்தது. சூசை அண்ணை வாசலில் இறங்கினார். பின்னால் தள்ள வந்தவரைக் கையால் மறித்தார். தன் கையாலேயே சில்லை உருட்டிக்கொண்டு, ஒரு பக்கம் மகள் நடக்க, ஒரு பக்கம் மருமகன் நடக்க, மேடை வரைக்கும் வந்தார். ஒருவரும் எழும்பி நின்று பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, ஒரு தகப்பன் மகளோடு வருகிறார், அவ்வளவுதான்.

கேக் வெட்டி, வைன் கொடுத்து, சாப்பாடு முடிந்ததும் பைலா தொடங்கியது. ஜெனிற்றா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள். மேல் மண்டபத்தில் அண்ணா போட்டு வைத்தது தடித்த கம்பளம், அதில் சில்லு புதையும். கீழே சவர்க்காரம் போட்டுத் தேய்த்த சீமெந்து. சூசை அண்ணை ஒரு சில்லைப் பிடித்து மற்றதை உருட்ட, கதிரை வட்டமாகச் சுழன்றது. மகள் சுற்றி வர, அவர் சுழன்றார். சனம் கைதட்டியது. வீடியோக்காரனை நான் தோளில் பிடித்துத் தள்ளி, "இதை எடு, கிட்டப் போய் எடு" என்றேன். பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று நல்லாக அழுதேன். அண்ணா வீடியோவில் கூப்பிட்டு, "மண்டபத்தைக் காட்டு, மண்டபத்தைக் காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்காகப் படியேறி மேலே போய் வெறும் மண்டபத்தையும் ஒருமுறை காட்டினேன்.

மூன்று கிழமையால் வயர்கள் வந்தன, கிடங்கு கழுவிக் காய்ந்தது, குலசிங்கம் திரும்ப வந்து கையெழுத்து வைத்தார். அன்று அவருக்கு விரதம் இல்லை. இரண்டு நண்டு சாப்பிட்டார், இரண்டாவது தரம் குழம்பும் கேட்டார். அதிலிருந்து வருடா வருடம் அவர்தான் வருகிறார். ஆனால் மண்டபம் கேட்டு வருகிற சனம், "மேல வேண்டாம். சூசையின்ர மகளுக்கு வைச்ச மாதிரிக் கீழ வையுங்கோ" என்கிறது. அண்ணா அனுப்பிய கம்பளத்தில் இப்போது நான்தான் பாயைப் போட்டு மிளகாய் காயவைக்கிறேன். லிப்டில் பெரும்பாலும் ஏறுவது மேலே அடுக்கி வைக்கிற பாத்திரங்கள்.

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் பேசாமல் லிப்டில் ஏறுவதில்லை. கொழும்பில் ஆஸ்பத்திரியில் என்றாலும், விமான நிலையத்தில் என்றாலும், கதவு திறந்ததும் யாராவது ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்து, "உப்பு இறக்கியாச்சோ?" என்று கேட்பார். நோர்வேயில் அண்ணாவின் பிள்ளைகளும் அந்த நாட்டு ராகத்தில் அதையே கேட்கிறார்களாம். அங்கே பக்கத்தில் நிற்கிறவர்கள் அதை ஏதோ தமிழ்ச் செபம் என்று நினைத்து வழிவிடுகிறார்களாம்.

சூசை அண்ணைதான் இதைத் தொடக்கி வைத்தவர். ஒவ்வொரு வருடமும் குலசிங்கம் கையெழுத்து வைக்கிற நாளில் எப்படியோ மணந்துபிடித்து வந்து, அதைக் கேட்டுவிட்டு லிப்டில் மேலே போய் வருவார். ஒருமுறை கேட்டேன். "கீழதானே கலியாணம் நல்லா நடந்தது, பிறகேன் அண்ணை மேல போறியள்?" அவர் சில்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ பொறுப்பெண்டு சொன்னனீ எல்லே. அதை வருசத்துக்கு ஒருக்கா வந்து எடுத்துக்கொண்டு போறன்."

இப்போது அவர் தனியே வருவதில்லை. ஜெனிற்றாவின் மகள் மடியில் இருப்பாள். போன சோதனையன்று கதவு திறந்ததும் கிழவர் வாயைத் திறக்கவில்லை. மடியில் இருந்த அந்தக் குட்டிதான் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி என்னை விசாரித்தாள்.

"அன்ரி, உப்பு இறக்கியாச்சோ?"

"இறக்கியாச்சு ராசாத்தி, ஏறுங்கோ" என்றேன். அவர் பேத்தியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் சில்லை உருட்டி உள்ளே போனார். பட்டனை அவள் அமத்தினாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் மேலே போய்க் கதவடியில் நிற்க வேண்டும் என்று படியில் ஏறத் தொடங்கினேன்.